வினாவும் விடையும் வேதியரும்

நற்செய்தி அறிவிப்புக்குப் பொதுநிலையினரைப் பயிற்றுவிப்பது பற்றி இன்று நிறையப் பேசுகிறோம். பங்குகளில் பயிலரங்குகள் நடக்கின்றன; கையேடுகள் அச்சாகின்றன; அன்பியக் கூட்டங்களில் தாள்கள் கைமாறுகின்றன. ஆயினும், அக்கையேடுகளை நூல்களாகக் கருதி, நூல்களுக்குரிய திறனாய்வுக்கு உட்படுத்துவது நம்மிடையே அரிது. கவிதையை ஆய்கிறோம், நாவலை ஆய்கிறோம், நம் விசுவாசத்தை அடுத்தவரோடு பகிர்ந்துகொள்ளக் கற்றுத்தரும் ஏட்டை மட்டும், கோட்பாட்டில் பிழை உண்டா என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். கோட்பாடு சரியாயிருந்தால் போதுமா? ஏட்டின் வடிவம் அதைப் படிப்பவரையும் தன் வடிவத்தில் வார்த்துவிடுகிறதே, அதை யார் கவனிப்பது? இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா இதுவே.

நெமிலிச்சேரியை மனத்தில் நிறுத்தியே இவ்வினாவை எழுப்புகிறோம். சென்னை–அரக்கோணம் இருப்புப்பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே உள்ள ஊர் அது. வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி 2014ஆம் ஆண்டில் அங்கு வந்து முடிந்தது. பின்னர் அங்கிருந்து மீஞ்சூர் வரை நீண்டது. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் அறுபதுகளிலிருந்து ஈர்த்து வந்த குடும்பங்களின் அடுத்த தலைமுறையினரும், நகரத்துக்குள் மனை வாங்க இயலாதோரும் இப்பகுதியில் வீடு கட்டிக் குடியேறி வருகின்றனர். தென் மாவட்டங்களின் பழைய கத்தோலிக்க ஊர்கள் சிலவற்றில் தெரு முழுவதும் ஒரே மறையினர் வாழ்வதுண்டு. அங்கே கோயில் மணி ஒலித்தால் ஏன் என்று எவரும் கேட்பதில்லை. புறநகரில் நிலை வேறு. பக்கத்து மனையில் இருப்பவர் வேறு ஊரினர், வேறு சமயத்தவர். அவரோடு நாள்தோறும் முகம் பார்த்துப் பேசியே ஆகவேண்டும். ஆகவே, நற்செய்தி அறிவிப்பு என்பது இங்கே தொலைதூர மறைபரப்புத் தளத்தின் காரியமாக இல்லை. மதிற்சுவருக்கு அப்பாலிருந்து வரும் ஒரு குரலுக்கு மறுமொழி சொல்லும் காரியமாக இருக்கிறது.

அச்சேறிய முதல் வினாக்கள்

தமிழில், இந்திய மண்ணில் அச்சான முதல் நூலே ஒரு மறைக்கல்வி நூல்தான் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. இயேசு சபைத் துறவியான ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் அடிகளார் 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கச் சிறுநூலை அச்சிட்டு வெளியிட்டார். மறு ஆண்டே கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' 120 பக்கங்களுடன் வெளிவந்தது. 1586இல் புனிதர்களின் வாழ்க்கையைக் கூறும் 'அடியார் வரலாறு' அச்சேறியது. எட்டு ஆண்டுகளுக்குள் வெளிவந்த இம்மூன்று நூல்களும் மூன்று வடிவங்கள். முதலாவது, செபங்களையும் விசுவாசத்தின் அடிப்படைகளையும் சுருங்கத் தந்தது. இரண்டாவது, ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வினா விடை. மூன்றாவது, கதை.

இவற்றுள் இரண்டாவது வடிவமே நம்மிடையே வென்றது. நம் முன்னோர் சின்னக் குறிப்பிடத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஞானோபதேசம் படித்ததும் வினா விடையாகவே. இன்று பயிலரங்கில் நம் கைக்கு வரும் தாள்களும் பெரும்பாலும் வினா விடையாகவே அமைகின்றன. இவ்வடிவத்தை ஏளனமாகப் பேசுவோர் உண்டு. நாம் அவர்களோடு சேரமாட்டோம். எழுத்தறியாத முத்துக்குளித்துறை மக்களின் நினைவில் விசுவாசத்தை நிலைநிறுத்தியது மனப்பாடமே. 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் குருக்களை வெளியேற்றியபின், 1687இல் புனித யோசேப்பு வாஸ் அடிகளார் அங்கே கால்வைக்கும் வரையில், இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கரின் விசுவாசம் குருக்களின்றி வாழ்ந்தது. வீடுகளில் வாய்ச்சொல்லாய்க் காத்துவந்த செபங்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. மனத்தில் பதிந்ததை எந்த ஆட்சியும் பறிமுதல் செய்ய இயலாது.

ஆனாலும், அவ்வடிவத்தின் எல்லையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 'கிரிசித்தியானி வணக்கம்' மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் இயேசு சபையாளர் போர்ச்சுக்கல் நாட்டில் இயற்றிய மறைக்கல்வி நூலின் தமிழாக்கம். நூலின் முகப்பே அதைக் கூறுகிறது. விடைகள் திருஅவையின் பொதுச் சொத்து. வினாக்களோ கடல் கடந்து கப்பலில் வந்தவை. இதனால் ஹென்றிக்கஸ் அடிகளாரின் புகழ் குறையாது. தமிழுக்கு இலக்கணமும் வகுத்து, அரை நூற்றாண்டு நம் கடற்கரையில் உழைத்தவர் அவர். கதை வடிவத்தின் தேவையை உணர்ந்து 'அடியார் வரலா'ற்றை எழுதியவரும் அவரே. குறை அவரிடத்தில் இல்லை. அவர் தந்த மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்த நம்மிடத்தில் உள்ளது.

வினா விடை ஏட்டின் உள்ளமைப்பை இன்னும் சற்று உற்று நோக்கினால் வேறொன்றும் புலப்படும். அதில் வினாக் கேட்பவர் விடை தெரிந்தவர். விடை சொல்பவர் கற்பவர். தெருவில் நிலைமை தலைகீழாக இருக்கிறது. அங்கே கேட்பவருக்கு விடை தெரியாது. சில வேளைகளில் நமக்கும் தெரியாது. ஏட்டில் ஒவ்வொரு வினாவுக்கும் விடை அடுத்த வரியிலேயே காத்திருக்கிறது. வாழ்வில் வினாவுக்கும் விடைக்கும் நடுவே பல ஆண்டுகள் கடந்துபோவதுண்டு. ஏட்டின் அமைப்பில் மட்டும் பழகிய ஒருவர் தெருவுக்கு வரும்போது, தாம் அறிந்த விடைக்குப் பொருந்தும் வினாவை அயலார் கேட்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அயலார் கேட்காவிட்டால், அவ்வினாவைத் தாமே எழுப்பித் தாமே விடையும் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். அயலார் வாய் திறக்கவே இல்லை. நற்செய்தி அறிவிக்கப்பட்டதாக இவர் நினைக்கிறார். பாடம் ஒப்புவிக்கப்பட்டதாக அவர் நினைக்கிறார்.

மறுப்பும் ஒழுக்கமும்

அடுத்த நூற்றாண்டில், 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தே நொபிலி, தமிழ் மண்ணில் எழுந்த வினாக்களுக்கே செவிகொடுத்தார். தத்துவ போதகர் என்று தம்மைத் தமிழராகவே ஆக்கிக்கொண்ட அவர் எழுதிய நூல்களுள் ஒன்று 'தூஷண திக்காரம்'. கிறிஸ்தவ மறையின்மீது இங்கே சுமத்தப்பட்ட பழிச்சொற்களை மறுப்பது அதன் நோக்கம். வினா விடை ஏட்டோடு ஒப்பிட்டால் இது ஒரு முன்னேற்றமே. மறுப்பதற்காகவேனும் எதிர்தரப்பு சொல்வதைக் கேட்டாக வேண்டும் அல்லவா? 1656இல் நம் மயிலையிலேயே கண்மூடிய அப்பெருமகனின் துணிவை இன்றும் வியக்கிறோம். எனினும், மறுப்பு நூலுக்கும் ஒரு வார்ப்பு உண்டு. அதில் எதிரே நிற்பவர் தோற்றே ஆகவேண்டும். மறுப்பு நூலால் மட்டும் பயிற்சி பெற்றவர் தம் அயலாரையும் அப்படியே பார்க்கப் பழகிவிடுவார்.

வீரமாமுனிவர் என நாம் போற்றும் கான்ஸ்டன்ஸ் ஜோசப் பெஸ்கி (1680–1747) இவ்விடத்தில் நமக்கு மிக முக்கியமானவர். 'தேம்பாவணி'யைப் பாடிய அதே கை, தரங்கம்பாடி லுத்தரன் பணியாளரோடு வாதிட்டு 'பேதகமறுத்தல்' என்னும் மறுப்பு நூலையும் எழுதியது. வேதியர்களுக்கென்று 'வேதியர் ஒழுக்கம்' என்னும் உரைநடை நூலையும் எழுதியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, பயிற்சி என்றால் என்ன என்பதில் இரு வேறு கருத்துகள் ஒரே ஆசிரியரிடம் இயங்கியதை உணர்கிறோம்.

மறுப்பு நூலின் காலம் முடிந்துவிட்டது என்றே நாம் கருதுகிறோம். 1964ஆம் ஆண்டு நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய விதித்தொகுப்புக்குப் பின், பிரிந்த சகோதரரை எதிரியாக்கி எழுதும் நடை நமக்கு உரியதன்று. 'வேதியர் ஒழுக்க'மோ இன்றும் நம்மை மடக்கிக் கேள்வி கேட்கிறது. அதன் தலைப்பையே எண்ணிப் பாருங்கள். 'வேதியர் போதனை' என்றோ 'வேதியர் வாதம்' என்றோ முனிவர் பெயரிடவில்லை. ஒழுக்கம் என்றார். குருக்கள் மிகச் சிலராகவும் ஊர்கள் மிகப் பலவாகவும் இருந்த மதுரை மறைத்தளத்தில், கற்பிப்பதும் செபம் நடத்துவதும் நோயாளிகளைச் சந்திப்பதும் இறக்கும் தறுவாயில் இருப்போருக்குத் திருமுழுக்கு அளிப்பதும் வேதியரின் கடமைகளாய் இருந்தன. அத்தகைய ஒருவர் எதைச் சொல்லவேண்டும் என்பதைக் காட்டிலும், எப்படிப்பட்டவராய் இருக்கவேண்டும் என்பதே முனிவரின் கவலை. ஊரார் வேதியரின் போதனையைக் கேட்பது சில நாழிகை. அவர் வாழ்வைப் பார்ப்பதோ நாள் முழுதும்.

இதே முனிவர் எழுதிய 'பரமார்த்த குருவின் கதை'யில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடந்தபின், அனைவரும் கரை சேர்ந்தோமா என்று எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணுபவர் ஒவ்வொரு தடவையும் தம்மை விட்டுவிட்டு எண்ணுகிறார். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதாக எல்லாரும் அழுகிறார்கள். நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனால், நம் பயிற்சிகள் பலவற்றின்மீது எழுதப்பட்ட திறனாய்வாகவும் அதை வாசிக்கலாம். எத்தனை வீடுகளைச் சந்தித்தோம், எத்தனை துண்டுத்தாள்களைக் கொடுத்தோம், எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தனர் என்று எண்ணுகிறோம். எண்ணுகிற நம்மை மட்டும் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஒழுக்கம் என்ற சொல்லால் முனிவர் கேட்பது, எண்ணுபவர் தம்மையும் சேர்த்து எண்ணவேண்டும் என்பதே.

ஒரு துயரமும் ஒரு கதையும்

வடிவங்களைப் பற்றிப் பேசினோம். பயிற்சி ஏடு எதுவும் கையில் இல்லாமல், பொதுநிலையினர் ஒருவர் மற்றொருவரோடு விசுவாசத்தைப் பகிர்ந்த நிகழ்ச்சி ஒன்று நம் வரலாற்றில் உண்டு. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படையிடம் சிறைப்பட்ட யூஸ்டேஷியஸ் தெ லனாய், பின்னர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பயிற்றுவிக்கும் அதிகாரியானார். அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்டனோடு அவருக்கு நட்பு உண்டாயிற்று. குடும்பத்தில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் நீலகண்டன் மனமுடைந்திருந்தார். அந்த வாட்டத்தைக் கண்ட லனாய் காரணம் கேட்டார்; கேட்டபின் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்று மரபு கூறுகிறது. நீலகண்டன் 1745ஆம் ஆண்டு மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752ஆம் ஆண்டு சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

இந்நிகழ்ச்சியின் ஒழுங்குமுறையைக் கவனிக்க வேண்டும். லனாய் குரு அல்லர், வேதியரும் அல்லர், உடன் பணிபுரிந்தவர். அந்நியர், மொழியிலும் பண்பாட்டிலும் அவருக்கு இருந்த தடைகள் நமக்கு இல்லை. அவர் தொடங்கியது நண்பரின் துயரத்தில். பின்னரே மறைநூலுக்குச் சென்றார். மறைநூலிலிருந்தும் அவர் எடுத்தது விளக்கத்தை அன்று. துன்புற்ற ஒருவரின் கதையை. யோபு நூலோ வினாக்களுக்கு விடை சொல்லி முடிக்கும் நூல் அன்று. ஆயத்த விடைகளோடு வந்த மூன்று நண்பர்களைக் கடவுள் கடிந்துகொள்ளும் நூல் அது. அந்நண்பர்கள் ஏழு நாள்கள் வாய் பேசாமல் யோபுவோடு தரையில் அமர்ந்திருந்தவரை நன்றாகவே நடந்துகொண்டார்கள். வாய் திறந்து விளக்கத் தொடங்கியபோதுதான் தவறினார்கள்.

திருஅவையின் போதனையும் இந்த ஒழுங்கையே காட்டுகிறது. தூய பேதுருவின் முதல் திருமடல், நம்முடைய எதிர்நோக்குக்குக் காரணம் கேட்போருக்குப் பணிவோடும் மரியாதையோடும் விடை பகர ஆயத்தமாய் இருக்கும்படி பணிக்கிறது. முதலில் ஒருவர் கேட்கவேண்டும். கேட்கத் தூண்டும் எதிர்நோக்கு ஒன்று நம் வாழ்வில் வெளிப்பட வேண்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட, நற்செய்தி அறிவிப்பு பற்றிய திருத்தூது ஊக்கவுரையில் இதை விரித்துரைத்தார்: சொற்களில்லாத சான்று வாழ்வு காண்பவர் உள்ளத்தில் தவிர்க்க இயலாத வினாக்களை எழுப்புகிறது என்றார். திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு எழுதிய 'நற்செய்தியின் மகிழ்ச்சி'யில், ஆளுக்கு ஆள் நிகழும் அறிவிப்பின் முதற்படி உரையாடலே என்றும், அதில் மற்றவர் தம் மகிழ்ச்சியையும் கவலையையும் பகிர்ந்துகொள்வதே முன்னதாக வருவது என்றும், இறைவார்த்தை அதன் பின்னரே இடம்பெறவேண்டும் என்றும் கற்பித்தார். எம்மாவு வழியில் உயிர்த்த ஆண்டவரும் முதலில் செய்தது, என்ன பேசிக்கொண்டு நடக்கிறீர்கள் என்று கேட்டதே.

சுவர்

வடக்கன்குளத்தைக் குறிப்பிட்டோம். அவ்வூரின் பிற்கால வரலாற்றை மறைத்துவிட்டு நற்செய்திப் பயிற்சியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. சாதி பாராமல் அனைவரோடும் பழகியதும் தேவசகாயத்தின்மீது அன்று வெறுப்பு வளரக் காரணமாயிற்று. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 19ஆம் நூற்றாண்டில் எழுப்பப்பட்ட ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 1910ஆம் ஆண்டில்தான் அது அகற்றப்பட்டது. அகற்றியதை எதிர்த்து நம்மவரே நீதிமன்றம் சென்றனர். புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப்பட்டம் நீக்கப்பட்டது நல்லதே. நம் கல்லறைகளிலும் திருமணப் பேச்சுகளிலும் அது முற்றிலும் நீங்கிவிட்டதா?

உங்களிலும் சாதி உண்டாமே என்று நெமிலிச்சேரியில் அயலார் ஒருவர் கேட்டால், அதற்கு எந்தக் கையேட்டின் எந்தப் பக்கத்தைத் திறப்பது? கலாத்தியருக்கு எழுதிய தூய பவுலின் வார்த்தைகளை நாம் சொல்லலாம். சொன்னால், அப்படியானால் ஏன் என்ற அடுத்த கேள்வி வரும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் இனத்தவருக்குரிய உரிமைகள் மறுக்கப்படுவதை எதிர்த்து நாம் போராடுவது நியாயமானது. அரசு இழைக்கும் அநீதியைச் சுட்டிக்காட்டும் அதே நாவு, ஆலயத்துக்குள் நடக்கும் அநீதியைப் பற்றியும் பேசவேண்டும். இவ்வினாவுக்கு அச்சிட்ட விடை கிடையாது. சுவர் இடிக்கப்படுவதே விடை. வீரமாமுனிவர் ஒழுக்கம் என்று தலைப்பிட்டதன் பொருள் இங்கே நம்மைச் சுடுகிறது.

அச்சமும் சாக்கும்

இவ்வளவும் சொன்னபின், ஒரு தவறான முடிவுக்கு நாம் வந்துவிடக்கூடாது. வாழ்ந்து காட்டினால் போதும், வாய் திறக்க வேண்டியதில்லை என்று கூறுவோர் நம்மிடையே மிகுந்து வருகின்றனர். பெருந்தன்மையாகத் தோன்றும் இக்கூற்றில் பெரும்பங்கு அச்சமும், ஓரளவு சோம்பலும் கலந்திருக்கின்றன. ஆறாம் பவுல் அதே ஊக்கவுரையில், சான்று வாழ்வு எவ்வளவு சிறந்ததாயினும், ஆண்டவர் இயேசுவின் பெயரும் வாழ்வும் வாக்குறுதியும் வெளிப்படையாக எடுத்துரைக்கப்படாவிட்டால் அறிவிப்பு நிறைவுறாது என்று கூறியதையும் நாம் படிக்கவேண்டும். கேட்டவருக்குச் சொல்லாதிருப்பது பணிவு ஆகாது. வீட்டுக்கு வந்தவர் தாகம் என்று கேட்டபின்னும் தண்ணீர் தராமல் இருப்பது போன்றது அது.

அச்சத்துக்கும் காரணம் உண்டு. மதமாற்றம் என்ற சொல் இன்று பகைமையோடு உச்சரிக்கப்படுகிறது. நம் மாநிலத்திலேயே 2002ஆம் ஆண்டு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவரப்பட்டு, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை நமக்கு அளிக்கிறது. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது மற்றவரை மாற்றும் உரிமையாகாது என்று விளக்கியது. அத்தீர்ப்பைக் குறித்து மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ஆனால், வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஒருவரை விசுவாசத்துக்குள் இழுப்பதை எந்த நீதிமன்றமும் சொல்வதற்கு முன்பே, 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் தடைசெய்துவிட்டது. சமய உரிமை பற்றிய அறிக்கையும் மறைபரப்புப் பணி பற்றிய விதித்தொகுப்பும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஒருவரை மாற்றுவது நம் வேலை அன்று. அது தூய ஆவியாரின் செயல். நம் வேலை, கேட்பவருக்கு உண்மையைச் சொல்வது. இத்தெளிவு உள்ளவருக்கு அச்சம் தேவையில்லை. மதம் மாற எவ்வளவு கொடுத்தார்கள் என்று எவரேனும் கேலியாகக் கேட்டாலும், சினமின்றி அவரோடு அமர்ந்து பேச அவரால் இயலும்.

எழுதப்பட வேண்டிய ஏடு

2021ஆம் ஆண்டு மே 10 அன்று திருத்தந்தை பிரான்சிஸ், வேதியர் பணியைப் பொதுநிலையினருக்குரிய நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். அதற்கென வெளியிட்ட திருத்தூது மடலில், இப்பணிக்கு அழைக்கப்படுவோர் ஆழ்ந்த விசுவாசமும் மனித முதிர்ச்சியும் கொண்டவராய், பிறரை வரவேற்கும் பண்பும் தாராள மனமும் உடையவராய் இருக்கவேண்டும் என்றும், விவிலியத்திலும் இறையியலிலும் மேய்ப்புப்பணியிலும் கற்பித்தலிலும் தக்க பயிற்சி பெறவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். பண்பும் படிப்பும் ஒன்றையொன்று விலக்கவில்லை. வரவேற்கும் பண்பு முன்னே நிற்பதுதான் நம் கவனத்துக்குரியது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வீரமாமுனிவர் ஒழுக்கம் என்றதன் எதிரொலியை இதில் கேட்கிறோம்.

அப்படியானால் நம் புறநகருக்கு ஏற்ற பயிற்சி ஏடு எப்படி அமையவேண்டும்? அதன் முதற்பகுதியை நாமே எழுதவேண்டும் என்பது எம் கருத்து. அன்பியத்தினர் ஒவ்வொருவரும், அயலார் தம்மிடம் உண்மையாகவே கேட்ட வினாக்களை ஓராண்டுக் காலம் குறித்து வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூடுதல் பணிக்கு வராமல் கோயிலுக்குப் போவதேன்? எங்கள் வீட்டுப் பொங்கலை உண்பீர்களா? மகனை இழந்த எனக்கு உங்கள் கடவுள் என்ன சொல்வார்? இத்தகைய வினாக்கள் நிறைந்த ஒரு குறிப்பேடு பங்கில் உருவாகுமானால், இந்த மண்ணிலேயே முளைத்த வினாக்கள் நம்மிடம் இருக்கும். அதன்பின் விடைகளுக்காகத் திருவிவிலியத்தையும் திருஅவையின் போதனையையும் நாடுவோம். பூந்தமல்லியில் நம் குருத்துவக் கல்லூரி இருக்கிறது. இறையியல் கற்றோர் தொலைவில் இல்லை. அவர்களிடம் நம் வினாக்களோடு செல்வோம். விடை காண இயலாத வினாக்களை ஏட்டிலிருந்து நீக்காமல், விடைக்கு உரிய இடத்தை வெறுமையாகவே விட்டுவைப்போம். அந்த வெறும் இடம் நமக்குப் பணிவைக் கற்றுத்தரும்.

அயலாரின் மரபையும் அந்த ஏடு அறிமுகம் செய்யவேண்டும். நெமிலிச்சேரிக்கு அடுத்த நிலையம் திருநின்றவூர். பெரியபுராணம் போற்றும் பூசலார் நாயனாரின் ஊர் அது. பொருள் இல்லாமையால் தம் உள்ளத்திலேயே இறைவனுக்குக் கோயில் எழுப்பியவர் அவர். பல்லவ மன்னன் கல்லால் கட்டிய கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் செய்துவிட்டு, இறைவன் அந்த ஏழையின் மனக்கோயிலுக்கு முதலில் எழுந்தருளியதாக அடியார் கூறுவர். இக்கதையை அயலாரின் வாயிலாகவே நாம் ஒருமுறை கேட்போமானால், சமாரியப் பெண்ணோடு கிணற்றடியில் அமர்ந்து, உண்மையான வழிபாடு எது என்று நம் ஆண்டவர் பேசியதை அவருக்குச் சொல்ல வழி பிறக்கும். கேட்டுவிட்டுச் சொல்வதற்கும் கேளாமல் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு அயலாருக்கு நன்றாகத் தெரியும்.

நம் உயர்மறைமாவட்டத்தின் மண்ணில் முதன்முதல் நற்செய்தி அறிவித்தவராக மரபு போற்றும் புனித தோமாவை எண்ணிப் பார்ப்போம். யோவான் நற்செய்தியில் அவர் மற்றவர் கேட்கத் தயங்கியதைக் கேட்பவராக வருகிறார். போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதால்தான் ஆண்டவர் தம்மையே வழியென வெளிப்படுத்தினார். காணாமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த அவரை ஆண்டவர் ஒதுக்கவில்லை. தம் காயங்களைக் காட்டினார். தாம் வினாக் கேட்ட நாள்களை மறவாத ஒருவரே மயிலைக்கும் பரங்கிமலைக்கும் வந்து, மற்றவர் வினாக்களுக்குச் செவிசாய்த்திருக்க முடியும். அவர் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், அடுத்த பயிலரங்குக்குச் செல்லும்போது விடைத்தாளோடு ஒரு வெற்றுத்தாளையும் எடுத்துச் செல்வோம். அதில் முதலாவதாக, நம் அயலார் நம்மிடம் கடைசியாகக் கேட்ட கேள்வியை எழுதுவோம். எழுத எதுவும் நினைவுக்கு வராவிட்டால், நம் பயிற்சி எங்கே தொடங்கவேண்டும் என்பதை அதுவே நமக்குக் காட்டிவிடும்.